ராங்க் இல்லாத ஆனர்ஸ்: அமெரிக்காவில் டிசைன் படிப்பவர்களுக்கு அட்வைசர் எதற்கு?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டெக்சஸிலிருந்து அக்கா போன் செய்தாள். குரலிலேயே பதற்றம்.

"டேய், இவள அட்வைசர் வரச் சொல்லியிருக்காங்களாம். என்ன பண்ணித் தொலச்சேன்னு கேட்டா, 'ஒண்ணும் இல்லம்மா, ஆனர்ஸ் பத்திப் பேசணுமாம்'ங்கறா. ஆனர்ஸுன்னா கடைசியில மார்க்கப் பாத்து அவங்களே குடுக்கறதுதான? அதுக்கு முன்னாடி என்னடா பேச்சு?"

அக்கா மகள் அப்போது இண்டஸ்ட்ரியல் டிசைன், அதாவது பொருள்களை வடிவமைக்கும் படிப்பில் முதலாண்டு. அக்கா அமெரிக்கா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் படித்தது கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில். அட்வைசர் என்றால் அவள் காதில் 'கிளாஸ் அட்வைசர்' என்றுதான் விழும். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கூப்பிட்டு விடுபவர், ஓடி ஃபார்மில் கையெழுத்துப் போட மூன்று நாள் அலைய விடுபவர், "நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா" என்பவர். அப்படிப்பட்ட ஒருவர் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார் என்றால் பயம் வரத்தான் செய்யும்.

ஆனர்ஸுக்கும் நம் ஊரில் ஒரு பழைய வாசனை உண்டு. அண்ணா 1934-இல் பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தார். இயற்பியலாளர் சந்திரசேகர் 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அந்தச் சொல் இருந்தால் 'கெட்டிக்காரர்' என்று பொருள். நம் வீடுகளில் இன்றும் அப்படித்தான்: ராங்க், மெடல், முதல் வகுப்பு என்ற வரிசையில் ஆனர்ஸும் ஒன்று.

அமெரிக்க டிசைன் பள்ளிகளில் இந்த இரண்டு சொல்லுக்கும் பொருள் வேறு. அது தெரியாமல் முதல் வருஷத்தைக் கடத்திவிட்டு, மூன்றாம் வருஷத்தில் "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று புலம்புகிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எல்லோருக்கும் ஒரே பாடம் என்றால் அட்வைசர் தேவையில்லை

ஒரு காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளிலும் எல்லோருக்கும் ஒரே பாடம்தான். லத்தீன், கிரேக்கம், கணக்கு. அடுத்த செமஸ்டரில் என்ன படிப்பது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 1869-இல் சார்லஸ் எலியட் ஹார்வர்டின் தலைவரானார். 40 வருஷம், 1909 வரை அந்த நாற்காலியில் இருந்தார். பாடங்களை மாணவரே தேர்ந்தெடுக்கலாம் என்ற எலக்டிவ் முறையை அங்கே வேரூன்ற வைத்தவர் அவர். தேர்வு வந்ததும் குழப்பமும் கூடவே வந்தது. 18 வயதுப் பையன் முன்னால் ஏராளமான பாடங்களைப் பரப்பிவிட்டு "எடுத்துக்கோ" என்றால் என்ன ஆகும்? சுலபமானதை எடுப்பான், அல்லது நண்பன் எடுத்ததை எடுப்பான். 1889-இல் முதலாண்டு மாணவர்களுக்கென்றே ஓர் ஆலோசகர் குழுவை ஹார்வர்ட் அமைக்க வேண்டிவந்தது.

ஆக, அட்வைசர் என்ற வேலையே தேர்வு என்ற தொல்லையிலிருந்து பிறந்தது. நம் ஊர்க் கல்லூரிகளில் பாடத்திட்டம் பெரும்பாலும் அச்சடித்து வந்துவிடுகிறது. எலக்டிவ் என்று பெயர் இருக்கும்; அந்த செமஸ்டரில் எந்த ஆசிரியர் கையில் நேரம் இருக்கிறதோ அவருடைய பாடம்தான் வகுப்பு முழுவதற்கும் எலக்டிவ். தேர்வே இல்லாத இடத்தில் அட்வைசருக்கு அட்டெண்டன்ஸ் பார்ப்பதைத் தவிர என்ன வேலை மிஞ்சும்? அக்காவின் பயத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1972-இல் பர்ன்ஸ் க்ரூக்ஸ்டன் என்பவர் எழுதிய கட்டுரை ஒன்றை இந்தத் துறைக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். அதுவரை நடந்ததை அவர் டாக்டர்-நோயாளி உறவோடு ஒப்பிட்டார். மாணவர் வருவார், ஆலோசகர் சீட்டு எழுதிக் கொடுப்பார், மாணவர் போய்விடுவார். இது போதாது, ஆலோசனை என்பதே ஒருவகைக் கற்பித்தல், பொறுப்பை இருவரும் பங்கிட வேண்டும் என்றார். அதே வருஷம் டெர்ரி ஓ'பேனியன் ஒரு வரிசை போட்டுக் கொடுத்தார்: முதலில் வாழ்க்கையில் என்ன வேண்டும், பிறகு என்ன தொழில், பிறகு எந்தப் படிப்பு, பிறகு எந்தப் பாடங்கள், கடைசியாகத்தான் டைம்டேபிள். நடைமுறையில் அரை மணி நேரச் சந்திப்பில் முக்கால்வாசி அந்தக் கடைசிப் படியிலேயே கழிந்துவிடும். நாகாடா என்ற ஆலோசகர் சங்கம் 1979-இல் உருவானது. அந்தச் சங்கம் 2011-இல் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு முழுநேர அட்வைசர் தலையில் இருந்த மாணவர்களின் இடைநிலை எண்ணிக்கை 296. பிள்ளையின் பெயர் ஞாபகம் இருந்தாலே பெரிய விஷயம். அவர் கூப்பிடுவார் என்று காத்திராமல் நாம் போய்க் கதவைத் தட்ட வேண்டியதன் காரணம் இந்த 296.

டிசைன் படிப்பின் ஏணி

வரலாறோ பொருளாதாரமோ படிக்கிறவருக்கு அட்வைசர் கொஞ்சம் தவறாகச் சொன்னாலும் பெரிய சேதம் இல்லை. அடுத்த செமஸ்டரில் சரிசெய்துகொள்ளலாம். டிசைன் அப்படி இல்லை.

கணக்கைப் பாருங்கள். இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட். கலை, டிசைன் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் நாசாட் என்ற அமைப்பு 1944-இலிருந்து இருக்கிறது. பி.எஃப்.ஏ. (கவின்கலை இளநிலை) போன்ற தொழில்முறைப் பட்டத்தில் கையால் செய்து பழகும் ஸ்டுடியோ, துணைப் பாடங்கள், கலை-டிசைன் வரலாறு எல்லாம் சேர்ந்து குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. 120-இல் 65 சதவீதம் என்றால் 78 கிரெடிட். மிச்சம் 42-க்குள் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல் எல்லாம் அடங்க வேண்டும். அதற்குப் பிறகு 'விருப்பம்போல' என்று சொல்ல என்ன மிஞ்சும்?

இன்னொன்று, ஸ்டுடியோ பாடங்கள் ஏணிப்படி மாதிரி. முதலாம் ஸ்டுடியோ முடிக்காமல் இரண்டாவதில் உட்கார முடியாது. பல இடங்களில் ஒவ்வொரு படியும் வருஷத்துக்கு ஒரு முறைதான் திறக்கும். செப்டம்பரில் தவறவிட்டால் அடுத்த செப்டம்பர்தான். சில பள்ளிகளில் முதலாண்டு முடிவில் போர்ட்ஃபோலியோ ரிவ்யூ வேறு, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைப் பார்த்து எடைபோடுவது. அதில் தேறினால்தான் இரண்டாம் ஆண்டு ஸ்டுடியோவில் இடம். நேரத்தைப் பொறுத்தவரை, 3 கிரெடிட் லெக்சர் என்றால் வாரம் 3 மணி நேரம் வகுப்பு. 3 கிரெடிட் ஸ்டுடியோ என்றால் பொதுவாக 6 மணி நேரம் வகுப்பிலேயே போய்விடும். மாடல் செய்ய, மணல்தாள் தேய்க்க, பிரிண்ட் எடுக்க என்று வெளியே போகும் இரவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கேதான் நம் குடும்பங்கள் வழக்கமாக ஒரு தப்புக்கணக்குப் போடும். அக்கா மகள் பள்ளியிலேயே, கல்லூரி கிரெடிட் தரும் ஏ.பி. தேர்வுகள் எழுதி 27 கிரெடிட்டோடு போய்ச் சேர்ந்தாள். "கிட்டத்தட்ட ஒரு வருஷம் மிச்சம்டா, மூணு வருஷத்துல முடிச்சிருவா. ஒரு வருஷ ஃபீஸ் லாபம்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அந்த 27-ம் ஆங்கிலம், கால்குலஸ், வரலாறு. ஏணியின் ஒரு படியைக்கூட அவை தொடவில்லை. எட்டு செமஸ்டர் ஸ்டுடியோ எட்டு செமஸ்டர்தான்.

அட்வைசர் கூப்பிட்டது இதைச் சொல்லத்தான். அக்கா மகள் எனக்கு விவரித்ததை அப்படியே தருகிறேன். மேசையின் ஓரத்தில் ஒரு மானிட்டர். அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார் அந்தப் பெண்மணி. திரையில் டிகிரி ஆடிட். முடித்த பாடங்களுக்கெல்லாம் பச்சை டிக், மிச்சத்துக்குச் சிவப்பு. பொதுப்பாடங்கள் பகுதி ஏறக்குறைய முழுப் பச்சை. ஸ்டுடியோ பகுதி முழுச் சிவப்பு. "நாலு வருஷம் எப்படியும் ஆகும். ஆனா ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு பாடத்துக்கான இடம் உனக்குக் காலியா இருக்கு. மத்தவங்களுக்கு அது கிடையாது. அதுல என்ன பண்ணலாம்னு நினைக்கிற?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல மாமா. அதுவரைக்கும் யாருமே என்னை அப்படிக் கேட்டதில்ல" என்றாள்.

வழிகள் பல இருந்தன. உளவியலிலோ வணிகத்திலோ ஒரு மைனர், அதாவது துணைப் படிப்பு. ஒரு செமஸ்டர் வெளிநாட்டில். இதற்கு ஏணியில் எந்தப் படியை அங்கேயே முடிக்கலாம் என்று முதலாண்டிலேயே திட்டமிட வேண்டும். மூன்றாமாண்டில் யோசித்தால் வேலைக்காகாது. ஒன்றும் வேண்டாம், சுமையைக் குறைத்துக்கொண்டு ஸ்டுடியோவில் நன்றாக வேலை செய்கிறேன் என்பதும் நல்ல முடிவுதான். கடைசியாக, ஆனர்ஸ்.

ஒரு சின்ன எச்சரிக்கை. டிசைன் மாணவருக்கு அட்வைசர் ஒருவர் இல்லை, குறைந்தது இருவர். அலுவலகத்தில் இருக்கும் முழுநேர அட்வைசருக்கு விதிகள் அத்துப்படி: எந்தப் பாடம் எந்தக் கட்டத்தில் கணக்காகும், எந்த வருஷத்துக் கையேடு உங்களுக்குப் பொருந்தும், மாற்றுப் பாடத்துக்கு என்ன படிவம். துறைப் பேராசிரியரான வழிகாட்டிக்கு வேலை தெரியும்: உன் ஸ்கெட்ச் எங்கே பலவீனம், யாரிடம் இன்டர்ன்ஷிப் கேட்கலாம். பிள்ளைகள் இதை மாற்றிக் கேட்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டுடியோவில் நின்றபடி பேராசிரியர் "அதெல்லாம் கணக்காகும், எடுத்துக்கோ" என்று சொல்லியிருப்பார். கடைசி செமஸ்டரில் ஆடிட்டில் அந்த வரி சிவப்பாகவே நிற்கும். வாயால் சொன்னது ஆடிட்டில் ஏறாது. சந்திப்பு முடிந்த அன்றே "நாம் பேசியது இது, சரிதானே?" என்று ஒரு மின்னஞ்சல் போட்டு வைப்பது நல்லது.

அக்கா அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தாள். நேரே அட்வைசர் அலுவலகத்துக்கே போன் போட்டாள். மறுமுனையில் மிக மரியாதையாக, மாணவி எழுத்தில் சம்மதம் தராமல் எதுவும் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1974-இல் வந்த ஃபெர்பா சட்டம் அது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கல்விப் பதிவேட்டின் உரிமை பிள்ளைக்கு, பெற்றோருக்கு அல்ல. "ஃபீஸ் மட்டும் நாங்க கட்டணும், மார்க் கேட்டா சொல்ல மாட்டாங்களாம்" என்று அக்கா இன்றும் முனகுவாள். எனக்கென்னவோ அந்தச் சட்டம் பிடித்திருக்கிறது.

ஆனர்ஸ் என்ற ஒரே சொல்லில் நாலு சரக்கு

அமெரிக்க ஆனர்ஸின் கதை 1922-இல் பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் சூடு பிடிக்கிறது. அதன் தலைவர் ஃபிராங்க் எய்டலாட், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்தவர். அங்கே சாதாரணப் பட்டம், ஆனர்ஸ் பட்டம் என்று இரண்டு பாதைகள் இருந்ததைப் பார்த்து, ஆர்வமுள்ள மாணவரைச் சாதாரண வகுப்பின் வேகத்திலிருந்து விடுவித்துச் சிறு கருத்தரங்குகளில் உட்கார வைத்தார். கடைசியில் வெளியூர் அறிஞர்கள் வந்து தேர்வு நடத்துவார்கள். வெளித்தேர்வாளர் முறை அங்கே இன்றும் தொடர்கிறது. கவனிக்க வேண்டியது, இது படித்து முடித்த பின் தரும் பரிசாகத் தொடங்கவே இல்லை. முன்கூட்டியே பேசி, வேறு மாதிரி படிக்க வாங்கும் அனுமதியாகத்தான் தொடங்கியது.

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பின்னால் இதைத் தனிக் கல்லூரியாகவே கட்டின. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரெட் கல்லூரி 1988-இல் தொடங்கியது. இன்டெல் நிறுவனத்தின் கிரெய்க் பாரெட்டும் அவர் மனைவி பார்பராவும் நன்கொடை கொடுத்ததால் 2000-இல் அந்தப் பெயர் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கலை, டிசைன் பிரிவான ஹெர்பெர்கரில் டிசைன் படிக்கிற ஒருவர் பாரெட்டிலும் சேரலாம். ஸ்டுடியோ, பட்டம் எல்லாம் அதேதான். கூடவே 36 ஆனர்ஸ் கிரெடிட், முதலாண்டில் 'மனித நிகழ்வு' என்ற பெயரில் இரண்டு செமஸ்டர் வாசிப்பும் விவாதமும், கடைசியில் ஒரு தீசிஸ் அல்லது படைப்புத் திட்டம். அந்தப் 'படைப்புத் திட்டம்' என்ற சொல் இல்லாவிட்டால் டிசைன் மாணவருக்கு ஆனர்ஸே எட்டாக்கனி. நூறு பக்கம் எழுதுவதற்குப் பதிலாக ஒரு நாற்காலியையோ ஓர் எழுத்துருவையோ செய்து, அதன் பின்னால் இருக்கும் யோசனையை எழுதித் தரலாம்.

இதுதான் ஒரு சரக்கு: தனியாக விண்ணப்பித்துச் சேரும் ஆனர்ஸ் கல்லூரி. இரண்டாவது, துறைக்குள்ளேயே மூன்றாமாண்டில் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து செய்யும் துறை ஆனர்ஸ். மூன்றாவது, கும் லாடே, மாக்னா கும் லாடே என்று லத்தீனில் பட்டத்தின்மேல் எழுதித் தருவது. இது பெரும்பாலும் ஜி.பி.ஏ. பார்த்துத் தானாக வரும். அக்கா நினைத்த ஆனர்ஸ் இதுதான். நாலாவது, கௌரவச் சங்கங்கள். கட்டடக்கலைக்கும் அதைச் சார்ந்த கலைகளுக்குமான டௌ சிக்மா டெல்டா 1913-இலிருந்து இருக்கிறது, மதிப்புள்ளது. ஆனால் "நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள், பணம் கட்டுங்கள்" என்று வீட்டுக்கு வரும் பளபளப்பான கடிதங்கள் எல்லாம் அந்த வகை இல்லை. நம் பெற்றோர் அந்தக் கடிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டுவதற்குள் துறையில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது.

ஜி.பி.ஏ. விஷயத்தில் டிசைன் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஸ்டுடியோவில் விடைத்தாள் கிடையாது. சுவரில் வேலையை ஒட்டி வைத்துவிட்டு நிற்க வேண்டும். நாலைந்து பேர் அதைப் பிரித்து மேய்வார்கள். 'க்ரிட்' என்பார்கள். மதிப்பெண் அங்கே பிறக்கிறது. ஒரு செமஸ்டரில் 15 கிரெடிட், அதில் 6 கிரெடிட் ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 9 கிரெடிட்டில் முழு ஏ வாங்கி, ஸ்டுடியோவில் மட்டும் பி மைனஸ் வந்தால் அந்த செமஸ்டரின் சராசரி 3.48. ஆனர்ஸுக்கு 3.5 கேட்கும் இடத்தில் ஒரே ஒரு பாடம் வாசலில் நிறுத்திவிடும். அதனால் சில பிள்ளைகள் ஸ்டுடியோவில் பத்திரமான வேலையை மட்டும் செய்யத் தொடங்குகிறார்கள். சோதனை இல்லை, தோல்வி இல்லை, அழகான ரெண்டரிங் மட்டும். டிசைனருக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை. ஒரு செமஸ்டர் சறுக்கினால் உடனே வெளியேற்றுவார்களா, அவகாசம் தருவார்களா என்பதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஆனர்ஸ் கிரெடிட்டுகளை டிசைன் மாணவர்கள் சேர்க்கும் முக்கிய வழி 'கான்ட்ராக்ட்'. சாதாரண ஸ்டுடியோ பாடத்தையே, பேராசிரியரோடு பேசி, கூடுதலாக ஒன்றைச் செய்து ஆனர்ஸாக மாற்றிக்கொள்வது. இதில் பாதிக்குப் பாதி வீண்தான் என்பது என் அபிப்பிராயம். மற்றவர்கள் மூன்று போஸ்டர் செய்தால் நீ ஐந்து செய் என்பது கூலிவேலை. மற்றவர்கள் ஒரு பிளாஸ்டிக் உறையை வடிவமைக்கும்போது, அந்த பிளாஸ்டிக் குப்பைக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்று ஒரு மறுசுழற்சிக் கூடத்தில் போய் நின்று பார்த்து எழுதினால் அது ஆனர்ஸ்.

எல்லாப் பல்கலைக்கழகமும் இதையே காப்பியடிக்கவில்லை. படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி வைக்கும் கோ-ஆப் முறையை 1906-இல் ஹெர்மன் ஷ்னைடர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். அங்கே டிசைன் ஐந்து வருஷப் படிப்பு. நடுவில் பல செமஸ்டர்கள் நிறுவனங்களில் சம்பளத்தோடு வேலை. ரோட் ஐலண்ட் டிசைன் பள்ளியும் பக்கத்திலிருக்கும் பிரவுன் பல்கலைக்கழகமும் 2008-இல் இரட்டைப் பட்டம் தொடங்கின. ஐந்து வருஷத்தில் இரண்டு கல்லூரிகளின் இரண்டு பட்டம். அதற்கு இரண்டு இடங்களிலும் தனித்தனியே அனுமதி கிடைத்திருக்க வேண்டும்.

மாத்திரை அட்டை

அக்கா மகள் எடுத்த விஷயத்தைச் சொல்கிறேன். தீசிஸ் எப்படி உருவாகிறது என்பது அதில் தெரியும்.

கோவையில் எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை. மருந்துக்கடையில் ஒரு வாரத்துக்கு என்று கேட்டால் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டி ஏழு கொடுப்பார்கள். காலாவதித் தேதி அச்சிட்ட ஓரம் எந்தத் துண்டில் போய்ச் சேரும் என்பது அதிர்ஷ்டம். அம்மா வேறு, வீட்டில் ஒவ்வொரு வேளைக்குமாக இன்னும் துண்டு போட்டு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாள். பெயரும் இல்லாமல் தேதியும் இல்லாமல் வெள்ளை வெள்ளையாக. லீவுக்கு வந்தபோது பேத்தி இதைப் பார்த்திருக்கிறாள். எங்கே வெட்டினாலும் ஒவ்வொரு மாத்திரையோடும் பெயரும் தேதியும் தப்பிக்கிற மாதிரி ஓர் அட்டை. அதுவும் தமிழ் மட்டுமே படிக்கிற பாட்டிக்குப் புரிகிற மாதிரி. இதுதான் கேள்வி.

கேள்வி கிடைத்த பிறகுதான் நிஜ வேலை தொடங்கியது. தீசிஸுக்கு ஒரு நெறியாளரும் இரண்டாம் வாசகரும் வேண்டும். நெறியாளர் துறையிலேயே கிடைத்தார். இரண்டாமவரை அட்வைசர்தான் மருந்தியல் துறையிலிருந்து காட்டிவிட்டார். அவளுக்கு அப்படி ஒரு துறை வளாகத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாது. அடுத்தது ஐ.ஆர்.பி. மனிதர்களிடம் ஆய்வு நடத்துவதைப் பரிசீலிக்கும் குழு அது. பாட்டிகளிடம் பேட்டி எடுத்து அதை ஆய்வாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அவர்களிடம் விண்ணப்பிக்க வேண்டும். இணையவழிப் பயிற்சி முடிக்க வேண்டும், கேள்வித்தாளையும் சம்மதப் படிவத்தையும் இணைக்க வேண்டும். பேட்டி தமிழில் என்றால் படிவமும் தமிழில். "மாமா, 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்பதை பாட்டிக்குப் புரியற மாதிரி எப்படி எழுதறது?" என்று ஒரு நாள் கேட்டாள். "'வேண்டாம்னு தோணுச்சுன்னா அப்பவே நிறுத்திக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க'ன்னு எழுது" என்றேன். முதல் வரைவு அவளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் மாதிரி வந்திருந்தது.

நாலாமாண்டு ஸ்டுடியோவுக்கு எப்படியும் ஒரு பெரிய இறுதித் திட்டம் செய்ய வேண்டும். அதையே ஆனர்ஸ் தீசிஸின் அடிப்படையாக வைக்க அனுமதி உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டாள். இது கிடைக்காமல் ஒரே வருஷத்தில் இரண்டு தனித்தனித் திட்டங்களைத் தூக்கிச் சுமந்து, இரண்டையும் சுமாராக முடித்தவர்கள் உண்டு. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இறுதி ஸ்டுடியோவுக்கு ஏதாவது நிறுவனம் பணம் கொடுத்து நடத்தினால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கலாம். ஆனர்ஸ் தீசிஸோ பல இடங்களில் நூலகத்தில் எல்லோரும் பார்க்கப் போய்விடும். இரண்டும் ஒத்துப்போகாது.

இவ்வளவும் எதற்கு, வேலை கிடைக்குமா என்று கேட்டால், டிசைன் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது போர்ட்ஃபோலியோவைத்தான். மாக்னா கும் லாடே என்ற வரியை யாரும் நின்று வாசிப்பதில்லை. ஆனால் போர்ட்ஃபோலியோவில் பத்து மாணவர்களும் அதே புளூடூத் ஸ்பீக்கரையும் அதே தண்ணீர் பாட்டிலையும் வைத்திருக்கும்போது ஒருத்தி மாத்திரை அட்டையோடு வந்தால் பேச்சு தானாக நீளும். மேற்படிப்பு என்று வந்தால் தீசிஸின் எடை இன்னும் அதிகம். 1987-இல் ஆஷ்வில்லில் தொடங்கிய தேசிய இளநிலை ஆய்வு மாநாட்டில் படைப்பு வேலைகளுக்கும் இடம் உண்டு. அமெரிக்க இண்டஸ்ட்ரியல் டிசைனர்கள் சங்கம் மாணவர் தகுதி விருதுகள் தருகிறது. அதற்குத் துறையிலிருந்துதான் ஆளை அனுப்புவார்கள் என்பதால் அங்கேயும் பேராசிரியருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கும், இங்கேயே படிப்பவர்களுக்கும்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவருக்கு மூன்றாவதாக ஓர் அட்வைசர் உண்டு: சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ. இவரை மறந்தால் பெரிய ஆபத்து. ஸ்டுடியோவில் தடுமாறும் மாணவரிடம் கல்வி அட்வைசர் நல்லெண்ணத்தோடு "இந்தப் பாடத்தை விட்டுவிடு, ஜி.பி.ஏ. தப்பிக்கும்" என்பார். உள்ளூர் மாணவருக்கு அது நல்ல யோசனை. எஃப்-1 மாணவர் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்க டி.எஸ்.ஓ.வின் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் இறங்கினால் விசா நிலையே போய்விடும். அந்த 12-இல் முழு இணையவழிப் பாடம் ஒன்றுக்குமேல் கணக்காகாது. படித்த பின் வேலை அனுபவத்துக்கான ஓ.பி.டி. 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள துறைக்கு மேலும் 24 மாதம். இண்டஸ்ட்ரியல் டிசைன், கிராஃபிக் டிசைன் ஆகிய படிப்புகளுக்கு உரிய வழக்கமான அரசுக் குறியீடுகள் அந்தப் பட்டியலில் இல்லை. மனித-கணினி ஊடாட்டம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே மாதிரிப் பாடங்கள், பட்டத்தின் குறியீடு மட்டும் வேறு, தங்கும் காலத்தில் இரண்டு வருஷ வித்தியாசம். சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்தியாவில் ஆனர்ஸ் இப்போது புதுச் சட்டையில் திரும்பி வந்திருக்கிறது. யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட, கிரெடிட் சட்டகத்தில் மூன்று வருஷம் 120 கிரெடிட்டுக்குச் சாதாரணப் பட்டம், நாலு வருஷம் 160-க்கு ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நாலாம் ஆண்டில் 12 கிரெடிட் ஆய்வு செய்தால் 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்'. ஆனால் டிசைனுக்கான இளநிலைப் பட்டமான பி.டெஸ். தொடக்கத்திலிருந்தே நாலு வருஷம்தான். குவாஹாட்டி ஐஐடியில் 1998-இலும் மும்பை ஐஐடியில் 2015-இலும் தொடங்கிய பி.டெஸ். படிப்புகள் அப்படித்தான். 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய டிசைன் நிறுவனமான என்.ஐ.டி.யில் ஒவ்வொரு மாணவரும் கடைசியில் ஒரு வழிகாட்டியோடு சேர்ந்து தனித் திட்டம் முடித்துத்தான் வெளியே வருவார். அமெரிக்காவில் ஆனர்ஸ் மாணவருக்கு மட்டும் கிடைப்பது அங்கே எல்லோருக்குமான சோறு. பெயர்தான் வைக்கவில்லை.

தரமணி நிஃப்டிலோ எழும்பூர் கவின்கலைக் கல்லூரியிலோ படிக்கிற பிள்ளைக்கு டிகிரி ஆடிட் திரையும் கிடையாது, 27 கிரெடிட் காலி இடமும் கிடையாது. ஆனாலும் இரண்டாமாண்டிலேயே ஓர் ஆசிரியரிடம் போய் "இறுதித் திட்டத்துக்கு இப்படி ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், யாரைப் பார்க்கலாம்?" என்று கேட்பதற்கு எந்த ஒழுங்குமுறையும் குறுக்கே நிற்கவில்லை.

அக்கா மகளின் ஐ.ஆர்.பி. விண்ணப்பம் ஒரு முறை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. கோவையில் பேட்டி எடுக்கும்போது உள்ளூரில் யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறார்கள். என் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில் அம்மா தெருவில் நாலு பாட்டிகளிடம் சொல்லிவைத்துவிட்டாள், பேத்தி வந்து கேள்வி கேட்பாள், ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி வைக்காதீர்கள் என்று. நேற்று ராத்திரி அக்கா போன் செய்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "அதெல்லாம் சரிடா, வகுப்புல எத்தனாவதா வருவாளாம்?" என்றாள்.